‘பாஸி’க்குத் தமிழ்ச்சொல்: ‘துரத்துபடை’ சரிவருமா?

> ‘பாசி’ என்று எழுதினால் குளம்தான் நினைவுக்கு வரும். ‘துரத்துபடை’ என்று வைத்துக்கொள்வோமே. கொள்ளையரைத் துரத்துகிறவர்கள்தானே?

வணக்கம். அமெரிக்காவில் சட்டத்தைக் காக்கப் பொதுமக்களிலிருந்து திரட்டும் தற்காலிகக் கூட்டம்தான் ‘பாஸி’ (posse). துரத்துவது அவர்களுடைய வேலைகளில் ஒன்று, அவ்வளவே. அந்தக் காலத்தில் ஷெரீஃப், அதாவது கவுண்டி எனும் மாவட்டத்தின் காவல் தலைவர், தம் கவுண்டியிலுள்ள உடல்வலுவுள்ள ஆண்களை உதவிக்கு அழைக்கலாம். தக்க காரணமில்லாமல் மறுத்தால் தண்டனை இருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கம் இது. சிறையை உடைத்துக் கைதியைத் தூக்கில் போட வரும் கும்பலைத் தடுக்கவும் இதே ஆட்களைத்தான் கூட்டுவார்கள். அங்கே துரத்தலுக்கு இடமேது?

‘படை’யும் இடிக்கிறது. ராணுவத்தை இந்த வேலைக்கு இறக்கக் கூடாது என்று 1878இல் தனிச்சட்டமே போட்டார்கள். ‘படையைத் துரத்துபடையாகப் பயன்படுத்தலாகாது’ என்று எழுதிப் பாருங்கள், தெரியும்.

‘ஏவற்குழு’ எப்படி?

---

> ‘ஏவற்குழு’ எப்படி?

ஐயா, ஏவல் என்றதும் பில்லி சூனியம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் மடேலியா என்ற ஊரில் நடந்தது.

1876 செப்டம்பர் 7 அன்று ஜேம்ஸ்–யங்கர் கொள்ளைக் கும்பல் எட்டுப் பேராக மினசோட்டாவின் நார்த்ஃபீல்டில் வங்கியைக் கொள்ளையடிக்க வந்தது. இருவர் தெருவிலேயே சுடப்பட்டு விழுந்தார்கள். மற்ற ஆறு பேருக்காக நூற்றுக்கணக்கானோர் பாலங்களிலும் சாலைகளிலும் காவல் நின்றார்கள். மழை விடவில்லை, தடம் கரைந்தது. கொள்ளையர் குதிரைகளைக் காட்டில் விட்டுவிட்டு நடந்தே நழுவினார்கள். தேடியவர்களோ குதிரையில் போகிறவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆள் கூடக்கூடக் காரியம் கெட்டதுதான் மிச்சம். ஜேம்ஸ் சகோதரர்கள் பிரிந்து தப்பினார்கள். செப்டம்பர் 21 அன்று மடேலியா அருகே ஹான்ஸ்கா சதுப்பில் மீதி நால்வரை வளைத்தபோது, புதருக்குள் இறங்கியவர்கள் ஷெரீஃப் கிளிஸ்பினையும் சேர்த்து ஏழே பேர். சார்லி பிட்ஸ் செத்தான், யங்கர் சகோதரர் மூவரும் உயிரோடு பிடிபட்டார்கள்.

அந்த எழுவரும் தாமாக முன்வந்தவர்கள், யாரும் ஏவவில்லை. ஆனாலும் அது பாஸிதான், ஷெரீஃபின் அதிகாரத்தின் கீழ் இறங்கியதால். ஆகவே சொல்லில் கட்டாயம் தெரிய வேண்டியதில்லை, அதிகாரம் தெரிந்தால் போதும்.

---

பகைவர் கவர்ந்த நிரையை, அதாவது மாட்டு மந்தையை, மீட்பது பழந்தமிழ் இலக்கணத்தில் கரந்தைத் திணை. ‘கரந்தையர்’ பொருந்துமா?

---

மாட்டுத் திருடரைப் பின்தொடரும் கதைக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் 1899இல் வயோமிங்கின் வில்காக்ஸ் அருகே கொள்ளையர் ரயிலை நிறுத்தி, பெட்டகத்தை டைனமைட் வைத்துப் பிளந்தார்கள். அங்கே நிரைக்கு எங்கே போவது? அரசன் மறவரை அனுப்புவதும் ஷெரீஃப் கடைக்காரரையும் உழவரையும் கூட்டுவதும் ஒன்றல்ல.

‘ஊர்க்குழு’ என்று யாராவது ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், வேண்டவே வேண்டாம். மொன்டானாவின் பானக்கில் 1864 ஜனவரி 10 அன்று, சட்டத்தைத் தம் கையில் எடுத்த ஊரார் தூக்கிலிட்டது ஷெரீஃப் ஹென்றி பிளம்மரையே. அந்தக் கூட்டத்துக்கும் ஷெரீஃப் கூட்டும் கூட்டத்துக்கும் ஒரே பெயரா? ‘ஆணைக்குழு’வும் ஆகாது, இலங்கையில் அது கமிஷன்.

என் பரிந்துரை ‘காவல்திரள்’. ‘ஷெரீஃப் காவல்திரள் கூட்டினார்’, ‘ராணுவத்தைக் காவல்திரளாகப் பயன்படுத்தலாகாது’: இரண்டும் தடங்கலின்றி வருகின்றன. அதிலுள்ளவர்கள் ‘காவல்திரளினர்’.

---

‘காவல்திரள்’ சரி. விளக்கத்தில் ‘ஷெரீஃப் கூட்டுவது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 1789ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டப்படி கூட்டரசின் மார்ஷலும் துணைக்கு ஆள் சேர்க்கலாம். ‘சட்டக் காவல் அதிகாரி பொதுமக்களிலிருந்து திரட்டும் தற்காலிகக் குழு’ என்று போட்டால் இருவரும் அடங்குவார்கள்.