என்.எக்ஸ் வதந்தி நாட்களும் கசக்கிற கேசட்டும்

2016 ஜூலை கடைசியில் வீடியோ கேம் செய்தி போடும் யூரோகேமர் தளம் அந்தச் செய்தியைப் போட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நிண்டெண்டோவின் அடுத்த கன்சோல், அதாவது கேம் ஆடும் மெஷின், அப்போது அதற்கு என்.எக்ஸ் என்றுதான் பெயர், கையிலும் வைத்து ஆடலாம், டிவியிலும் மாட்டலாம், கேம்கள் டிஸ்கில் இல்லாமல் மெமரி சிப் வைத்த கேசட்டில் வரும் என்று எழுதியிருந்தார்கள். டிஸ்க் டிரைவ் இல்லாத கன்சோலுக்கு நிண்டெண்டோ காப்புரிமை கேட்டிருந்தது முந்தைய ஆண்டே வெளியே தெரிந்திருந்ததால் நான் நம்பினேன்.

நண்பர்களில் பலர் நம்பவில்லை. அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. 1996இல் வந்த நிண்டெண்டோ 64 கேசட்டை விடாமல் பிடித்துக்கொண்டது. அதிகபட்சம் 64 எம்பி. ஒரு சிடியிலோ 650 எம்பி. ஃபைனல் ஃபேண்டஸி 7 என்ற பெரிய கேம் மூன்று சிடிகளோடு போட்டியாளரான சோனியின் பிளேஸ்டேஷன் பக்கம் போய்விட்டது. "மறுபடியும் அதே பள்ளத்துல விழப்போறாங்கடா" என்றான் ஒருவன். கையில் தூக்கிக்கொண்டு திரியும் மெஷினுக்குள் டிஸ்க் சுழன்றால் பேட்டரி என்ன ஆகும் என்று நான் திருப்பிக் கேட்டேன். மெமரி சிப் விலையும் பழைய மாதிரி இல்லையே.

அக்டோபர் 20 அன்று ஸ்விட்ச் என்ற பெயரோடு வீடியோ வந்தது. அதில் சின்னதாக ஒரு கார்டைச் செருகினார்கள். வாதம் முடிந்தது.

அடுத்த வருடம் சிங்கப்பூரிலிருந்து வந்த அத்தை மகன் செல்டா கேமோடு சேர்த்து ஒரு ஸ்விட்ச் வாங்கி வந்தார். நம் ஊரில் அப்போது அதிகாரபூர்வ விற்பனை கிடையாது, இந்தியாவுக்கென்று ஆன்லைன் கடையும் கிடையாது. எந்த நாட்டில் வாங்கிய கார்டும் எல்லா ஸ்விட்சிலும் ஓடும் என்பதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஊருக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிட்டால் போதும், பெட்டியில் ஒரு ஓரத்தில் வந்துவிடும்.

கார்டு தபால்தலை அளவுதான். குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாது என்று டெனடோனியம் பென்சோயேட் என்ற கசப்பு ரசாயனத்தைப் பூசியிருக்கிறார்கள். நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் அடிநாக்கு வரை ஏறியது கசப்பு. தண்ணீர் குடித்தும் போகவில்லை, சர்க்கரை போட்டும் போகவில்லை. அக்கா மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

விட்சர் 3 என்ற பெரிய கேம் முழுவதையும் 32 ஜிபி கார்டுக்குள் அடைத்து 2019இல் கொண்டுவந்தபோது பழைய சந்தேகக்காரர்களே வாங்கினார்கள்.

இப்போது எனக்கு உறுத்துவது அடுத்த கன்சோலான ஸ்விட்ச் 2இன் கேம்-கீ கார்டு. பார்க்க கேசட் மாதிரியே இருக்கும், உள்ளே கேம் இருக்காது. செருகிவிட்டு இணையத்தில் முழுசாக இறக்க வேண்டும். இரவல் கொடுக்கலாம், விற்கலாம், சரி. ஆனால் சர்வரை மூடிவிட்டால் என்ன செய்வது? நிண்டெண்டோவின் பழைய மெஷின்களான 3டிஎஸ், வீ யூ இரண்டின் ஆன்லைன் கடைகளிலும் 2023 மார்ச்சோடு விற்பனையை நிறுத்தினார்கள். அதே மாதிரி இதற்கும் ஒரு நாள் வராதா? சைபர்பங்க் 2077 முழுதாக 64 ஜிபி கார்டில் வந்தது, அதை யோசிக்காமல் வாங்கினேன். மற்றவை என்றால் பெட்டியின் முகப்பில் கீ கார்டு என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசை எடுக்கிறேன்.