மண்டூரில இருந்து மொறட்டுவ கம்பஸ், சமாளிக்க ஏலுமா?

படுவான்கரைப் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு மண்டூர்ப் பக்கம். தமிழ் மீடியத்துல ஏ.எல். மெட்ஸ் செஞ்சு இந்தமுறை மொறட்டுவ இன்ஜினியரிங் கிடைச்சிரிக்கு, வீட்டுல எல்லாருக்கும் சந்தோசம், அம்மா முருகனுக்கு வெச்ச நேர்த்தியும் முடிச்சிட்டா, ஆனா எனக்கு ராவைல நித்திர வருதில்ல. வாவி கடக்கிற பாதையில (படகுல) ஏறி குருமண்வெளி வந்து களுவாஞ்சிகுடியில கிளாஸ் முடிச்சிட்டு திரும்பி வாறது, இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச ஊர் உலகம். சிங்களம் சுத்தமா வராது. இங்கிலீஷ் வாசிச்சா விளங்கும், ஆரும் பேசினா விளங்காது.
இன்னொண்டு, கேக்க ஒரு மாதிரித்தான் இரிக்கு. கொழும்புல இரிக்கிற சொந்தக்காரர் ஒராள், "மட்டக்களப்பு எண்டபடியாத்தான் உனக்குக் கிடைச்சது, இஞ்ச எழுதியிருந்தா இந்த இஸட் ஸ்கோருக்கு (ஏ.எல். புள்ளிய வெச்சுக் கணிக்கிற ஸ்கோர்) எடுபட்டிருக்க மாட்டாய்" எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டார். அது மண்டைக்குள்ளயே கிடக்கு. உண்மையாவே கொழும்புப் பொடியன்களோட சரிக்குச் சரி எங்களால நிக்க ஏலுமா? போர்டிங், சாப்பாடு, செலவு பத்தியும் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

களுவாஞ்சிகுடி அக்கா:
தம்பி முதல்ல வாழ்த்துக்கள். நானும் அங்கதான் படிச்சு வெளியாகினன். அந்தச் சொந்தக்காரர் சொன்ன கதைக்குத்தான் முதல்ல பதில் சொல்லணும், ஏனெண்டா இந்தக் கதையக் கேட்டே முதல் வருசம் முழுக்க வாய் திறக்காம பின் வாங்குல இருந்த எங்கட பிள்ளைகள நான் கண்ணால கண்டிரிக்கன். இன்ஜினியரிங், மெடிசின் மாதிரிப் படிப்புகளுக்கு 40 வீதம் அகில இலங்கை மெரிட், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வியில பின்தங்கின 16 மாவட்டத்துக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்த 16க்குள்ள இரிக்கு. இது ஆரும் இரக்கப்பட்டுத் தந்த இடம் இல்ல தம்பி. ஒரு பாடத்துக்கு ரெண்டு மூணு டியூசன் போன பிள்ளையும், மெட்ஸ் சேர் மாற்றலாகிப் போய் அடுத்தவர் வரும் வரைக்கும் பாஸ்ட் பேப்பரோட தனியா மல்லுக்கட்டின பிள்ளையும் ஒரே பேப்பரத்தான் எழுதுது, அந்த வித்தியாசத்தக் கணக்கெடுக்கத்தான் இந்த முறையே இரிக்கு. நீங்க உங்கட மாவட்டத்துல முன்னுக்கு வந்து எடுத்த இடம் அது, உங்களுக்கு உரித்தான இடம்.
கம்பஸுக்குள்ள போனாப் புறகு ஆரும் இஸட் ஸ்கோர் கேக்கிறதில்ல. முதல் செமஸ்டர் எல்லாருக்கும் பொது, அதுல எடுக்கிற ஜிபிஏய (சராசரிப் புள்ளிய) வெச்சுத்தான் சிவிலா மெக்கானிக்கலா கம்பியூட்டரா எண்டு பிரிப்பாங்க. அதால முதல் செமஸ்டர மட்டும் விட்டுடாதீங்க, பழகிட்டுப் படிப்பம் எண்டு நினைச்சா பிந்திரும்.
லெக்சர் முதல்ல காதுல ஏறாதுதான். ஆனா சமன்பாட்ட போர்ட்ல எழுதின உடன "அட இது நான் செஞ்ச கணக்கு" எண்டு தெரிஞ்சிரும், வகையீடு தொகையீடு எல்லாம் எந்த மீடியத்துலயும் ஒண்டுதான். ராவைக்கு நோட்ஸ ஒருக்கா வாசிச்சிட்டு அடுத்த நாள் லெக்சருக்குப் போங்க, முன் வாங்குல இருங்க, விளங்காட்டி லெக்சர் முடிய சேரிட்டப் போய்க் கேளுங்க. உடைஞ்ச இங்கிலீஷ்ல கேட்டாலும் அவங்க பொறுமையாச் சொல்லித் தருவாங்க.

அக்கரைப்பத்தான்:
அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. நான் அக்கரைப்பத்து, வேற கம்பஸ், ஆனா மொறட்டுவயில கூட்டாளிமாரோட றூம்ல கன நாள் நிண்டிரிக்கன். தம்பி, ஊர்ப் பொடியன்கள் மட்டும் சேந்து ஒரு போர்டிங் எடுக்காதீங்க, அது நல்லாத்தான் இரிக்கும், ஆனா சிங்களமும் வராது இங்கிலீஷும் வராது. ஒரு சிங்களப் பொடியனாவது றூம்ல இருந்தா ஆறு மாசத்துல கடையில, பஸ்ல, ஒபீஸ்ல நீங்களே பேசுவீங்க, அவனும் உங்களிட்டத் தமிழ் பழகுவான்.
சாப்பாடுதான் கஷ்டம். கன்டீன் கறி எங்கட நாக்குக்கு ஏறாது, ஆத்து மீன் ஆணமும் குத்தரிசிச் சோறும் திண்டு வளந்த நமக்கு முதல் மாசம் வயிறே நிறையாது. கம்பஸ் இரிக்கிற கட்டுபெத்தையில 100 இல்லாட்டி 101 பஸ் எடுத்தா நேர வெள்ளவத்த, அங்க இடியப்பம் சொதி எல்லாம் கிடைக்கும். மறுகா, மகாபொல புலமைப்பரிசில் கிடைச்சாலும் முதல் தவண காசு கைக்கு வரச் சுணங்கும், அதுவரைக்கும் செலவுக்கு வீட்டுல இப்பவே ஒதுக்கி வெச்சுக்கங்க. இத ஆரும் முன்கூட்டிச் சொல்றதில்ல, பிள்ளைகள் கடன் பட்டுத்தான் தெரிஞ்சிக்கிறாங்க.

தம்பிலுவில் தங்கச்சி:
நான் இப்ப ரெண்டாம் வருசம், கொழும்பு கம்பஸ். ஊருக்கு அடிக்கடி போகக் கூடாது எண்டு எங்க பார்த்தாலும் சொல்றாங்க, நான் ஒத்துக்கொள்ள மாட்டன். ஏலாம வந்தா போங்க அண்ணா, அம்மாட கையால ஒரு நேரம் சாப்பிட்டுட்டு வாங்க, அழுதுகொண்டு றூம்ல கிடக்கிறதால ஒண்டும் ஆகப்போறதில்ல. ஆனா லெக்சரக் கட் பண்ணிட்டுப் போகாதீங்க.
ராகிங் பத்தி நீங்க கேக்கல்ல, நானாச் சொல்றன். 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், ஜெயில் தண்டனை இரிக்கு. "எல்லாரும் பட்டதுதானே" எண்டு ஆரும் சொன்னா நம்பாதீங்க. கை வெச்சா, காசு கேட்டா, ராவைல கூப்பிட்டா உடன வீட்டுக்கும் சொல்லுங்க, ஸ்டூடன்ட் கவுன்சிலரிட்டயும் சொல்லுங்க. சீனியர் எல்லாரும் அப்பிடி இல்ல, எனக்கு நோட்ஸும் பழைய பேப்பரும் தந்தது ஒரு சிங்கள அக்காதான்.

படுவான்கரைப் பொடியன்:
எல்லாருக்கும் நன்றி, அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினன். லேப்டொப் இப்பவே வாங்கணுமா? அப்பா நெல்லு வித்த காசுல வாங்குவம் எண்டு நிக்கிறார்.

களுவாஞ்சிகுடி அக்கா:
அவசரப்பட வேணாம். கம்பஸ்ல கம்பியூட்டர் லேப் இரிக்கு, எந்தத் துறை எண்டு தெரிஞ்சாப் புறகு அதுக்கு ஏத்த மாதிரி வாங்கலாம், சில துறைக்குச் சக்தி கூடின லேப்டொப் வேணும். இப்ப அந்தக் காசுல போர்டிங் அட்வான்சக் கட்டச் சொல்லுங்க. போற அண்டைக்கு அப்பாவையும் கூட்டிட்டு மட்டக்களப்பு நைட் மெயில் ட்ரெயின்ல போங்க, விடிய கொழும்புக் கோட்டையில இறங்கி கரையோர ட்ரெயின் மாறினா மொறட்டுவ. சீட்ட நேரத்தோட புக் பண்ணுங்க, கம்பஸ் தொடங்கிற கிழமையில கிடைக்காது.