கோல்மான் மாக் டூவா: ஆள் உண்டா, வெறும் கதையா?

கரிசல்காட்டான்:
மேற்கு அயர்லாந்தில் பர்ரன் என்றொரு சுண்ணாம்புப் பாறைவெளி. அங்கே ஒரு குகையில் ஏழு வருடம் தனியாகத் தவம் கிடந்தவர் கோல்மான் மாக் டூவா. காலம் 7ஆம் நூற்றாண்டு. சொத்து மூன்றுதான்: ஒரு சேவல், ஒரு எலி, ஒரு ஈ. நள்ளிரவு ஜெபத்துக்குச் சேவல் எழுப்பும். திரும்பக் கண்ணயர்ந்தால் எலி காதைக் கடிக்கும். பைபிளின் சங்கீதப் பாடல்களைப் படிக்கும்போது ஈ வரிவரியாக நடந்து வரும். களைத்து நிறுத்தினால், விட்ட வரியிலேயே உட்கார்ந்திருக்கும். மூன்றும் செத்ததும் மனுஷர் ஐயோனாத் தீவிலிருந்த துறவி கொலும்பாவுக்குக் கடிதம் எழுதி அழுதாராம். சொத்து இருந்தால் துக்கமும் இருக்கும் என்று பதில் வந்ததாம். இப்படியும் ஒருவர் வாழ்ந்திருக்கிறார்!

சுவடிப்பூச்சி:
வாழ்ந்தார் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அயர்லாந்து வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி கீட்டிங் இதை எழுதியது 1634 வாக்கில். ஆயிரம் வருட இடைவெளி. அவரே ‘மோகுவா அல்லது மாக் டூவா’ என்று பெயரில் இழுக்கிறார்.

கரிசல்காட்டான்:
பெயர் குழம்பினால் ஆளே இல்லையா? கோல்மான் 632 வாக்கில் இறந்தார் என்பது மரபு. கொலும்பா காலத்தோடு பொருந்துகிறதே.

சுவடிப்பூச்சி:
பொருந்தாது நண்பரே. தவத்துக்கு அப்புறம்தான் உறவுக்கார ராஜா குவாரே அவருக்கு மடம் கட்டிக்கொடுத்தார். அது 610 வாக்கில் என்பதும் அதே மரபு. தவம் கிடந்த ஏழு வருடத்தைக் கழித்தால் 603. கொலும்பா இறந்தது 597. கல்லறைக்கா கடிதம் போட்டார்?

கரிசல்காட்டான்:
சரி, கடிதத்தை விட்டுவிடுகிறேன். ஆளை விட மாட்டேன். அந்த மடம் இருந்த கில்மாக்டூவா என்ற ஊர்ப்பெயருக்கே மாக் டூவாவின் கோயில் என்றுதான் அர்த்தம். 12ஆம் நூற்றாண்டில் அது மறைமாவட்டமாகவே ஆனது. ஆளில்லாமலா அந்தப் பெயர்?

மழைக்குருவி:
அங்கே போயிருக்கிறேன். வட்டக் கோபுரம் நன்றாகவே சாய்ந்து நிற்கிறது. வாசல் ஏணி இல்லாமல் எட்டாத உயரத்தில்.

சுவடிப்பூச்சி:
கோபுரம் அவருக்குச் சில நூற்றாண்டு பிந்தியது, சாட்சி சொல்லாது. ஊர்ப்பெயரை ஒப்புக்கொள்கிறேன், கோல்மான் என்று ஒரு துறவி இருந்திருக்கலாம். எலியும் ஈயும் அவருடையவை என்பதைத்தான் ஏற்கமாட்டேன். அப்புறம், ‘தனியாக’ என்றீர்களே? ஈஸ்டர் அன்று இறைச்சிக்கு ஏங்கிய சீடப் பையனுக்காகக் குவாரேயின் விருந்துத் தட்டுகள் பறந்து வந்த கதையும் அதே கீட்டிங்கில்தான் இருக்கிறது.

கரிசல்காட்டான்:
அந்தப் பையனை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவன் குகைக்குப் பக்கத்தில்தான் புதைக்கப்பட்டான் என்று ஊரார் கல்லைக் காட்டுகிறார்கள். நோன்பு இருந்த வயிற்றில் அந்த விருந்தை அளவில்லாமல் தின்று செத்தானாம்.