புதுப்பிப்பு: 640 படங்களும் ஏறிவிட்டன, ஆனால் ஒரு சறுக்கலோடு

போன வாரம் கேட்டிருந்தேன்: பெங்களூர் அல்சூரில் எங்கள் வாசகர் வட்டத்தின் பழைய கையெழுத்துப் பத்திரிகைகளை ஸ்கேன் செய்த 640 படங்கள் இருக்கின்றன, வேர்ட்பிரஸில் (இணையதளம் நடத்தும் மென்பொருள்) உலாவி வழியாக ஏற்றினால் பாதியில் நின்றுவிடுகிறது, கட்டளை வரியில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து) வழி உண்டா என்று.

உண்டு. வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ என்ற கருவியில் 'டபிள்யூபி மீடியா இம்போர்ட்' என்பதே கட்டளை. முதலில் ஆர்சிங்க் (கோப்புகளை வேறு கணினிக்கு நகலெடுக்கும் கருவி) மூலம் படங்களை சர்வருக்கு அனுப்பினேன். மடிவாளா நெரிசலில் பேருந்து நகர்கிற வேகம். ஆனால் இணைப்பு அறுந்தால் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் போதும், முழுதாகப் போய்ச் சேர்ந்த படங்களை மீண்டும் அனுப்பாது. அப்புறம் இம்போர்ட். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி-யின் பதிவேற்ற வரம்பு (மாற்றாவிட்டால் 2 எம்பி) இதற்குப் பொருந்தாது, ஏனென்றால் கோப்பு ஏற்கெனவே சர்வரில்தான் இருக்கிறது.

சறுக்கல் என்னுடையது. ரூட் பயனராக (சர்வரில் எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) ஓட்டினால் அந்தக் கருவி எச்சரித்து மறுக்கும். நான் ரூட்டை அனுமதிக்கச் சொல்லும் 'அலவ்-ரூட்' போட்டு வாயை அடைத்தேன். மறுநாள் காலை பொறுப்பாசிரியர் அக்கா போன்: "தம்பி, ஒரே ஒரு அட்டைப்படம் ஏத்தணும், ஏறவே மாட்டேங்குது." பார்த்தால், இம்போர்ட் உருவாக்கிய இந்த மாதத்துக்கான அடைவுக்கு ரூட்தான் உரிமையாளர், வெப் சர்வரால் அதில் எழுத முடியவில்லை. உரிமையாளரை மாற்றும் சௌன் கட்டளையால் உரிமையை 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா'வுக்கு (வெப் சர்வர் ஓடும் பயனர்) மாற்றியதும் சரியாயிற்று. நீங்கள் சூடோ-யு (வேறொரு பயனராக ஓட்டும் கட்டளை) போட்டு அந்தப் பயனராகவே இம்போர்ட்டை ஓட்டுங்கள்.

தலைப்புகள் மட்டும் பாக்கி. கோப்புப் பெயரே தலைப்பாகிவிட்டதால் எல்லாம் 'ஸ்கேன்_0412' என்று பல்லிளிக்கின்றன.