மறுமொழி: பேட்டன்சி, லிம்ப் சால்வேஜ் – இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

வணக்கம் ஐயா,

லிம்ப் சால்வேஜுக்கு, அதாவது காலை வெட்டி எடுக்காமல் காப்பாற்றுவதற்கு, ‘உறுப்பு மீட்பு’ என்று நீங்கள் வைத்த தமிழ்ச்சொல்லைப் பார்த்ததும் எனக்கு உறுப்பு தானம்தான் நினைவுக்கு வந்தது, மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து சிறுநீரகம் எடுப்பதைத்தான் யாரும் அப்படிப் புரிந்துகொள்வார்கள். நாம் பேசுவது பியூர்கர் நோய். (பர்கர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், தின்பண்டமாகிவிடும்.) பீடி, சிகரெட் விடாத இளவயதுக்காரர்களுக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள ரத்தக்குழாய்கள் அழற்சியில் அடைத்துக்கொள்ளும். 1908இல் நியூயார்க்கில் மருத்துவர் லியோ பியூர்கர் விவரித்தார். 1879இலேயே வினிவார்ட்டர் என்ற மருத்துவர் எழுதியிருந்தும் பெயர் என்னவோ பியூர்கருக்குத்தான் போயிற்று.

அடைப்பைச் சுற்றி வேறொரு குழாயை ஒட்டாக வைத்து ரத்தத்தைத் திருப்பிவிடும் பைபாஸுக்குப் புறவழி சரி, சாலைக்கே பழகிய சொல். சிக்கல் பேட்டன்சியில், அதாவது அந்த ஒட்டு அடைக்காமல் ரத்தம் ஓடும்படி இருப்பதில். ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் ‘காப்புரிமை’ என்கிறது! என் முன்மொழிவு ‘திறப்பு’. லிம்ப் சால்வேஜுக்குக் ‘கால்காப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், கொலுசுக்கடை விளம்பரம் மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். ‘கால் தக்கவைப்பு’ என்றால் யாருக்கும் புரியும்.

இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கலாம் என்கிறீர்கள். கூடாது ஐயா, இந்த நோயில் நீண்டகால விளைவே இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் இருக்கிறது. பாதம் நோக்கிப் போகும் குழாய்களே நோயுற்றிருப்பதால் ஒட்டைக் கொண்டுபோய் இணைக்க நல்ல இடம் கிடைப்பது கடினம், ஒட்டுக்கு எடுக்க வேண்டிய காலின் சிரையும் சில பேருக்கு அழற்சியில் கெட்டிருக்கும். ஜப்பானில் 18 ஆண்டு அனுபவத்தைத் தொகுத்து 1997இல் வெளியிட்டார்கள்: 5 ஆண்டில் எந்தத் தலையீடும் இல்லாமல் திறந்திருந்த ஒட்டுகள் சுமார் 49 விழுக்காடு, அடைத்ததைத் திறந்துவிட்டதையும் சேர்த்தால் 63 அளவில். புகைப்பதை நிறுத்தியவர்களுக்கு 67 விழுக்காடு, நிறுத்தாதவர்களுக்கு 35. ஆனால் ஒட்டு அடைத்தால் கால் போயிற்று என்று பொருள் இல்லை. ஒட்டில் ரத்தம் ஓடிய சில மாதங்களில் காலின் புண் ஆறியிருந்தால், அதன்பின் பக்கக்கிளைக் குழாய்களின் ரத்தமே பல பேருக்குப் போதும், புகையைத் தொடாமல் இருந்தால்.

இன்னொன்று, இரண்டு கால்விரலை வெட்டி எடுத்தவரும் கணக்கில் ‘தக்கவைத்தவர்’தான், கணுக்காலுக்கு மேலே எடுத்தால்தான் இழப்பு. சொல்லுக்கான விளக்கத்தில் இதைச் சேர்க்காவிட்டால் படிப்பவர் ஏமாந்துபோவார்.

—

தம்பி, தக்கவைப்புக்கு நான் உடன்படுகிறேன், என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ‘திறப்பு’ மட்டும் இடிக்கிறது. யாழ்ப்பாணத்தில் திறப்பு என்றால் சாவி. ‘நோயாளியின் திறப்பு 5 ஆண்டில் பாதியாகக் குறைந்தது’ என்று எழுதினால் அங்கே சிரிப்பார்கள். ‘அடைபடாமை’ என்று போடலாமே?

—

சாவி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை ஐயா, நன்றி. ஆனால் அடைபடாமை உதவாது. ஒருமுறை அடைத்து, திரும்பத் திறந்துவிட்ட ஒட்டை எப்படி அடைபடாதது என்பது? ‘திறந்தநிலை’ என்று வைப்போம். தானாகத் தொடர்வது தொடர் திறந்தநிலை, அடைக்குமுன் சரிசெய்து காத்தது பேணிய திறந்தநிலை, அடைத்தபின் திறந்தது மீட்ட திறந்தநிலை. பல்கலைக்கழகம் நினைவுக்கு வருகிறது என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும்.