சாவி கொடுக்கும் கிராமபோன் வாங்கலாமா?

கேள்வி (பாலக்கோடு):
கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு வீட்டில் பெட்டி கிராமபோன் விலைக்கு வருகிறது. மூடிக்குள் எச்எம்வி நாய்ப் படம். சாவி கொடுத்தால் பாதிப் பாட்டிலேயே தட்டு சுற்றும் வேகம் தளர்கிறது, குரலும் கரகரக்கிறது. தாத்தாவின் இசைத்தட்டுகள் பரணில் இருக்கின்றன, அவற்றைக் கேட்க ரொம்ப ஆசை. வாங்கலாமா அண்ணா?

பதில் (தர்மபுரி):
வாங்குங்கள் தம்பி. பளபளக்கும் பித்தளைக் குழாயோடு விற்பவற்றில்தான் போலிகள் அதிகம், இது பெட்டிதானே. வேகம் தளர்வது பெரும்பாலும் தட்டைச் சுழற்றும் சுருள்வில்லில் பழைய கிரீஸ் இறுகியதால். கழுவி கிராஃபைட் கிரீஸ் போட்டால் சரியாகும். ஆனால் நீங்களே திறக்காதீர்கள். முறுக்கை முழுதும் இறக்கினாலும் அதை அடைத்திருக்கும் டிரம்முக்குள் வில் விறைப்பாகத்தான் இருக்கும், பாய்ந்தால் கையைக் கிழித்துவிடும். பழகிய கைதான் வேண்டும். கரகரப்புக்கு, ஊசி மாட்டும் தலையான சவுண்ட் பாக்ஸைப் பாருங்கள். அதற்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் தகட்டைப் பிடித்திருக்கும் ரப்பர் கல்லாகியிருக்கும். அதை மாற்றியதும் குரல் தெளியும், அந்த நிமிடத்துக்காகவே இந்தப் பாடெல்லாம் படலாம்!

பதில் (ஓசூர்):
அப்புறம், தாத்தாவின் தட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்குத் தட்டுகளா என்று பாருங்கள். பிற்கால வினைல் தட்டான எல்பி என்றால் இதில் போடவே வேண்டாம், கனமான தலை பள்ளத்தை அரித்துவிடும். இரும்பு ஊசி தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒன்று, பிறகு மாற்றிவிடுங்கள். அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், கரைந்துவிடும்.