ராஸ்பெர்ரி பையில ப்யூர் டேட்டா எக்ஸ்டர்னல் லோடு ஆகமாட்டீங்குது (வள்ளி கும்மித் தாளப் பெட்டி)

கோபி_வாய்க்கால்:

வணக்கமுங்க. எங்கூரு மாரியம்மன் கோயில் திடல்ல பொழுதோட வள்ளி கும்மி பழகறாங்க. ஆசிரியர் ஒருத்தரே பாடவும் வேணும், ஆட்டமும் சொல்லித் தரணும், தாளத்துக்கு ஆளில்ல. அவரு கை தட்டற வேகத்தப் புடிச்சு அதே வேகத்துல மேளம் அடிக்கற பெட்டி செஞ்சு தாரேன்னு நான் வாய் குடுத்துட்டேன். நோம்பிக்கு முன்னால முடிக்கோணும்.

ராஸ்பெர்ரி பை 4ங்கற சின்னக் கம்ப்யூட்டர், யுஎஸ்பி சவுண்டு கார்டு, ஒரு காலர் மைக்கு. எல்லாம் எவர்சில்வர் சம்படத்துக்குள்ள. பேட்ச், அதாவது ப்ரோகிராம், ப்யூர் டேட்டாவுல; பெட்டி பெட்டியா ஆப்ஜெக்ட வெச்சுக் கோடு இழுத்து சத்தம் உண்டாக்கற சாஃப்ட்வேர் அது. கைதட்டக் கண்டுபுடிக்க பாங்க்~, மேளத்துக்குக் கொஞ்சம் எதிரொலி குடுக்க ஃப்ரீவர்ப்~. ரெண்டும் எக்ஸ்டர்னல், அதாவது தனி ஃபைலா வந்து ஏர்ற ஆப்ஜெக்டு.

உபுண்டு லேப்டாப்புல சுளுவா ஓடுதுங்க. பையில தொறந்தா இந்த ரெண்டு ஆப்ஜெக்டுக்கும் கோடு விட்டு விட்டு வருது, கான்சோல்ல ரெண்டுக்கும் "குடன்ட் கிரியேட்". எஸ்டி கார்டுல எடம் கம்மிங்கறதால ப்யூர் டேட்டாவுல கோர், ஜியுஐ பேக்கேஜ் மட்டும் போட்டேன், கூடச் சேந்து வர்ற பேக்கேஜெல்லாம் வேண்டாம்ங்கற நோ-இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸோட. திடல்ல நெட் கெடையாது, அதனால ஃப்ரீவர்ப்ப லேப்டாப்புல டவுன்லோடு பண்ணி பென் டிரைவ்ல கொண்டாந்தேன். பையில "யூநேம் -எம்" அடிச்சா "ஏஆர்ச்64"னு வந்துது, அதப் பாத்துத்தான் "லினக்ஸ்-ஆர்ம்64-32"ன்னு பேரு போட்ட ஃபைல எடுத்தேன். 64-ம் இருக்குது, 32-ம் இருக்குது, எதுக்கும் ஆகும்னு நெனச்சேன். என்னன்னு சொல்லுங்க.

ஈரோட்டுப்_பையன்:

ஃபைல் பேரோட கடைசித் துண்ட, அந்த எக்ஸ்டென்ஷன, .எல்_ஆர்ம்னு மாத்திப் பாருங்கண்ணா. இல்லாட்டி கார்டையே அழிச்சுட்டு 64 பிட் ஓஎஸ் போட்டுருங்க, வேலை முடிஞ்சுது.

சிங்காநல்லூர்_மில்லு:

தம்பி, கார்டயெல்லாம் அழிக்க வேண்டாம். மில்லுல எலக்ட்ரானிக்ஸ் மெயின்டனன்ஸ் பாத்தவன் நானு. மெஷின் நின்னா மொதல்ல மோட்டாரக் கழட்டற பசங்களப் பாத்தா எனக்குக் கோவம் வரும்.

"குடன்ட் கிரியேட்"ங்கற வரி எதையுமே சொல்லாது. ஃபைலே கெடைக்கலைன்னாலும் அதே வரிதான், கெடைச்சு தொறக்க முடியலைன்னாலும் அதே வரிதான், தொறந்து உள்ள ஆப்ஜெக்டப் பதிவு பண்ற செட்டப் ஃபங்ஷன் இல்லைன்னாலும் அதே வரிதான். நீங்க பாக்க வேண்டியது அதுக்கு மேல இருக்கற வரி. டெர்மினல்ல இருந்து "-வெர்போஸ்" போட்டு ப்யூர் டேட்டாவத் தொறங்க. எந்தெந்த ஃபோல்டர்ல எந்தெந்தப் பேர்ல தேடுச்சுன்னு ஒவ்வொண்ணா "ட்ரைடு... அண்ட் ஃபெய்ல்டு"ன்னு கொட்டும். பாங்க், ஃப்ரீவர்ப் ரெண்டுக்கும் அந்த எடத்த இங்க போடுங்க.

பேரு மாத்தற யோசனை வேண்டவே வேண்டாம். .பிடி_லினக்ஸ்ங்கற எக்ஸ்டென்ஷன் இன்டெல் லேப்டாப்புக்கும் அதேதான், பைக்கும் அதேதான். உள்ள எந்த ப்ராசசருக்கான சரக்கு இருக்குதுன்னு பேரு சொல்லாது, பேர மாத்துனா சரக்கும் மாறாது. முன்பாதியில கை வெச்சீங்கன்னா இன்னும் மோசம்: ஃபைல் பேர வெச்சுத்தான் செட்டப் ஃபங்ஷனத் தேடும், அப்பறம் "சிம்பல் நாட் ஃபவுண்ட்"னு புதுசா ஒண்ணு வந்து நிக்கும்.

கோபி_வாய்க்கால்:

போட்டுப் பாத்தனுங்கய்யா. பாங்க்~குக்கு வரிசையா ட்ரைடு-ஃபெய்ல்டு தான், ஒரு எடத்துலயும் கெடைக்கல. ஃப்ரீவர்ப்~புக்கு ஃபைல் கெடைச்சிருக்குது, ஆனா அதுக்குக் கீழ "ராங் இஎல்எஃப் கிளாஸ்: இஎல்எஃப்கிளாஸ்64"ன்னு வருதுங்க.

சிங்காநல்லூர்_மில்லு:

அப்பப் பாருங்க, ரெண்டும் ரெண்டு சீக்கு.

பாங்க்~ சுளுவானது. டெபியன் வழி வர்ற ப்யூர் டேட்டாவுல பாங்க்~, ஃபிடில்~, சிக்மண்ட்~ எல்லாம் கோர் பேக்கேஜ்ல இருக்காது, "ப்யூர்டேட்டா-எக்ஸ்ட்ரா"ன்னு தனிப் பேக்கேஜ். ரெக்கமெண்ட்ஸ் வேண்டாம்னு நீங்க போட்டதுல அது உள்ளயே வரல. ஏப்ட்ல அத ஒண்ணப் போடுங்க, பெரிய எடமெல்லாம் புடிக்காது.

ஃப்ரீவர்ப்~ல தான் சூட்சுமம். "யூநேம் -எம்" சொல்றது ஓஎஸ்ஸோட அடித்தளமான கெர்னலப் பத்தி மட்டும். பை 4-ல 32 பிட் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் போட்டாலும் இப்ப வர்ற பதிப்புல கெர்னல் 64 பிட்டாத்தான் கெளம்புது. மேல ஓடற ப்ரோகிராமெல்லாம் 32 பிட். உங்க ப்யூர் டேட்டாவும் அதுல ஒண்ணு. 32 பிட் ப்ரோகிராமுக்குள்ள 64 பிட் லைப்ரரி ஏறவே ஏறாது, அந்த "ராங் இஎல்எஃப் கிளாஸ்" சொல்றது இதத்தான். நெசம் தெரியோணும்னா "கெட்கான்ஃப் லாங்_பிட்" அடிங்க, 32-ன்னு வரும். "டிபிகேஜி --பிரின்ட்-ஆர்க்கிடெக்சர்" அடிச்சா "ஆர்ம்எச்எஃப்"னு வரும். டவுன்லோடு பண்ணுன ஃபைல் மேல "ஃபைல்" கமாண்ட ஓட்டுனா "இஎல்எஃப் 64-பிட், ஆர்ம் ஏஆர்ச்64"ன்னு வரும். ரெண்டும் பொருந்தாதது கண்ணுலயே தெரியும்.

இன்னொண்ணு. "ஆர்ம்64-32"ல கடைசி 32 ப்ராசசர் பிட் இல்லீங்க. ப்யூர் டேட்டா எண்ணுகள வெச்சுக்கற ஃப்ளோட்டோட (தசம எண்ணோட) அளவு அது. ப்ராசசர் நடுவுல இருக்கறது. உங்களுக்கு வேண்டியது "ஆர்ம்வி7-32" இல்லாட்டி "ஆர்ம்வி6-32". அந்தப் பேர்ல எதுவும் கெடைக்கலைன்னா பையிலயே கம்பைல் பண்ணிக்கலாம்: ப்யூர்டேட்டா-டெவ், ஜிசிசி, மேக் மூணும் போட்டுட்டு சோர்ஸ் ஃபோல்டர்ல மேக் அடிங்க. எந்த மெஷின்ல ஓடப் போகுதோ அதுலயே செஞ்சதுக்குப் பொருத்தம் பாக்க வேண்டியதில்ல.

விரிக்கறப்ப ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர்னு ரெண்டு தடவ ஃப்ரீவர்ப்~ வந்துராமப் பாத்துக்கோங்க. ஒரு அடுக்கு வரைக்கும் தானாத் தேடும், அதுக்குக் கீழ எறங்காது.

கோபி_வாய்க்கால்:

ரெண்டும் ஏறிருச்சுங்க! கும்முன்னு சத்தம் வருது. ஆனா புதுசா ஒரு வெசனம். திடல்ல மானிட்டர் கெடையாது, கரண்ட் போட்டதும் தானா ஓடோணும்னு சிஸ்டம்டி சர்வீஸ் எழுதி ப்யூர் டேட்டாவ "-நோஜியுஐ" போட்டு விட்டேன். இப்பத் தாளம் வருது, எதிரொலி இல்ல. கையால ஓட்டுனா இருக்குது. சத்தமும் நடுநடுவுல கர்ருபுர்ருங்குது.

பொள்ளாச்சி_சந்தை:

ஏனுங்க, சர்வீஸ் ஃபைல்ல "யூசர்=" வரி இருக்குதா? இல்லாட்டி அது ரூட்டா, அதாவது அட்மின் யூசரா ஓடும். நீங்க ஃப்ரீவர்ப்ப வெச்சது உங்க ஹோமுக்குள்ள, ஜியுஐயில சேத்த பாத் எல்லாம் எழுதி வெச்சிருக்கறதும் உங்க ஹோம்ல உள்ள .பிடிசெட்டிங்ஸ்ல. ரூட் அந்தப் பக்கமே வராது. பாங்க்~ சிஸ்டம் ஃபோல்டர்ல இருக்கறதால தப்பிச்சுக்குச்சு. "ஜர்னல்சிடிஎல் -யு" போட்டு சர்வீஸ் பேரக் குடுங்க, அதே "குடன்ட் கிரியேட்" அங்க கெடக்கும்.

யூசர் வரி போடுங்க, அப்பறம் "-பாத்" ஆப்ஷன்ல ஃபோல்டர முழுசா எழுதிருங்க, ஹோம நம்ப வேண்டாம். கர்ருபுர்ருக்கு: டெர்மினல்ல லிமிட்ஸ்.கான்ஃப் வழியாக் கெடைக்கற ரியல்டைம் உரிமை சிஸ்டம்டி சர்வீசுக்குப் போகாது. "லிமிட்ஆர்டிப்ரையோ=95", "லிமிட்மெம்லாக்=இன்ஃபினிட்டி" ரெண்டையும் சர்வீஸ் ஃபைல்லயே போடுங்க. யூசர் ஆடியோ குரூப்ல இருக்காரான்னும் பாருங்க.

சம்படத்த மூடுனா வைஃபை செத்துப்போகுமே, வெளியில இருந்து உள்ள நுழைய எஸ்எஸ்எச் எப்படிப் போறீங்க?

கோபி_வாய்க்கால்:

மூடியத் தொறந்து வெச்சுத்தானுங்க. ஒரு நாள் உள்ள பல்லி பூந்துருச்சு. பக்கத்துல ஓட்டை போட்டு லேன் சாக்கெட் வெச்சுட்டேன்.

நீங்க சொன்ன நாலு வரியும் போட்டாச்சு, எதிரொலி வந்துருச்சு, கர்ருபுர்ரு நின்னுருச்சு. ஒரே ஒரு தொந்தரவு: கும்மியடிக்கற புள்ளைங்க எல்லாம் ஒட்டுக்காத் தட்டறதையும் பாங்க்~ எண்ணிருது, மேளம் தறிகெட்டு ஓடுது.

சிங்காநல்லூர்_மில்லு:

பாங்க்~குக்கு "மின்வெல்" மெசேஜ் அனுப்பி சத்தம் கம்மியான தட்டல ஒதுக்குங்க. "டிபவுன்ஸ்"ல மில்லிசெகண்டு குடுத்தா ஒரு தட்டு ரெண்டாக் கேக்கறதும் நிக்கும். அதுக்கும் அடங்கலைன்னா காலர் மைக்கத் தூக்கிப் போட்டுட்டு, ஒரு பலகைக்கு அடியில அதிர்வப் புடிக்கற பீசோ ஒட்டி ஆசிரியர் காலடியில வெச்சுருங்க. அவரு கால்ல தட்டுனது மட்டுந்தான் அதுக்குக் கேக்கும். பீசோவ நேரா அந்த சவுண்டு கார்டுல சொருகாதீங்க, நடுவுல ஒரு பஃபர் சர்க்யூட் வேணும். சர்க்யூட் நாளைக்கு வரைஞ்சு போடறேன்.